ஜெட்டி நோட்டில் எழுதாத பதினோரு வரி

போன வாரம் பென்ஷன் காகிதம் ஒன்றில் கையெழுத்துப் போட ஆபீசுக்கு வந்திருந்தேன். போர்ட் பிளேயரில் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியை, அதாவது படகுத்துறையைப் பார்த்த அதே மாடி அறை. உப்புக்காற்று அரித்த ஜன்னல் கம்பியை இன்னும் மாற்றவில்லை. உள்ளே புதிதாகச் சேர்ந்த நீங்கள் ஐந்து பேரும் இரண்டு கட்சியாகப் பிரிந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தீர்கள். ஒரு கட்சிக்கு, எழுத்தைத் தட்டிச் சேமிக்கிற சின்ன எடிட்டர் போதும். அதில் எழுதத் தெரியாதவன் ப்ரோக்ராமரே இல்லை. இன்னொரு கட்சிக்கு ஐடிஇ இல்லாமல் கை ஓடாது. எழுத, ஓட்டிப் பார்க்க, தப்பு இருந்தால் சிவப்புக் கோடு போட்டுக் காட்ட, யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று பதிந்து வைக்க, எல்லாம் அதற்குள்ளேயே இருக்க வேண்டும். உங்களில் கண்ணாடி போட்ட பெண் என்னைத் திரும்பிப் பார்த்து, "மேடம், நீங்களே சொல்லுங்க, எது பெட்டர்?" என்றாள். "அப்புறம் சொல்றேம்மா" என்று நழுவிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு இருப்புக்கொள்ளவில்லை. சும்மா உட்காரத் தெரியாத பிறவி நான். வாப்பா உயிரோடு இருந்தவரை அதையே சொல்லித் திட்டுவார். ஜங்லிகாட்டில் என் வீட்டிலிருந்து மீன் மார்க்கெட் வரை மூன்று தடவை நடந்தேன். மூன்றாவது தடவை மீன்காரர், "க்யா மேடம், மீன் வாங்கறீங்களா, என்னைக் கண்காணிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டார். அதனால்தான் எழுதி அனுப்புகிறேன். உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. அது எனக்குப் பெருமை சேர்க்கிற பதில் இல்லை, அதுதான் விஷயம்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். தீவுகளுக்கு நடுவே ஓடும் படகுகளுக்கு டிக்கெட் போடும் ப்ரோக்ராமை நாம் எழுதுகிறோம். ஒவ்வொரு ஜெட்டிக் கவுண்டரிலும் அந்த ப்ரோக்ராமின் ஒரு நகல் இருக்கிறது. லிங்க், அதாவது இன்டர்நெட் இணைப்பு, இருந்தால் போர்ட் பிளேயரிலிருந்து புதுப் பதிப்பு தானாகப் போய் இறங்கும். மழைக்கும் காற்றுக்கும் லிங்க் போய்விட்டால் கவுண்டர் தன் பாட்டுக்கு டிக்கெட் கொடுத்துக்கொண்டிருக்கும். ஏதாவது கோளாறு என்றால் நம்மில் ஒருவர் படகேறிப் போய்ச் சரிசெய்ய வேண்டும். போகிறவர் கையில் ஒரு தடிமனான நோட்டு போகும். அங்கே ப்ரோக்ராமில் கையால் எதை மாற்றினாலும், திரும்பும் படகில் கால் வைப்பதற்கு முன்னால் அதில் எழுதியாக வேண்டும். இங்கே வந்ததும் நோட்டைப் பார்த்து மெயின் ப்ரோக்ராமிலும் அதே மாற்றத்தைச் செய்ய வேண்டும். ஜெட்டி நோட்டு என்று அதற்குப் பெயர். இந்த வழக்கத்தை ஆரம்பித்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. நான் சேரும்போதே முதல் நோட்டின் அட்டை கிழிந்திருந்தது.

முதலில் நானும் ஐடிஇ கட்சிதான். ஒருமுறை நடுக் கடலில் குடலே வாய்க்கு வருகிற மாதிரி ஆடிய படகில் ஒரு தீவுக்குப் போனேன். சரக்கு இறக்கி ஏற்றும் வரைதான் படகு நிற்கும். கவுண்டரில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து ஐடிஇ-யைத் தட்டினேன். அது முதலில் தன் லைசென்ஸைச் சரிபார்க்க இன்டர்நெட் கேட்டது. நூல் மாதிரி ஒரு சிக்னல் வந்ததும், தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள ஆரம்பித்தது. நிறுத்தவும் விடவில்லை, வேலை செய்யவும் விடவில்லை. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. படகு ஹாரன் அடித்தது. ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அதே ஆட்டத்தில் திரும்பி வந்தேன். வழியெல்லாம் வாந்தி. அன்று இறங்கியதும் முடிவுகட்டினேன், இனி சின்ன எடிட்டரைத் தவிர வேறொன்றைத் தொடமாட்டேன் என்று.

அதற்குப் பிறகு நான் பேசிய பேச்சு கொஞ்சமல்ல. பென் டிரைவில் எடிட்டரைப் போட்டுக்கொண்டு எந்த ஜெட்டிக்கும் போவேன், அங்கிருக்கும் பழைய கம்ப்யூட்டரில் செருகுவேன், கண்மூடித் திறப்பதற்குள் வேலையை முடிப்பேன். என் பக்கத்து மேஜையில் தயாளன். இலங்கைத் தோட்டத்திலிருந்து அந்தக் காலத்தில் கச்சால் தீவுக்கு வந்து குடியேறிய குடும்பத்துப் பையன் என்று சொல்ல வந்தேன். பையன் இல்லை, அப்போதே முப்பதைத் தாண்டிவிட்டான், ஒப்பந்த வேலை. அவன் ஐடிஇ இல்லாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். அவனுடைய ஐடிஇ-க்கு நான் கல்யாண மண்டபம் என்று பெயர் வைத்தேன். ரெண்டு இட்லி சாப்பிட ஜெனரேட்டர் போட்டு, பந்தி விரித்து, வாட்ச்மேனைக் கூப்பிட வேண்டும் என்பேன். அவன் என் எடிட்டரைச் சிலேட்டு என்பான். "சிலேட்டுல எழுதறது சுலபம்தான்க்கா. துடைக்கறது அதைவிடச் சுலபம்" என்று ஒருநாள் சொன்னான். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

இப்போது லாங் ஐலண்டுக்கு வருகிறேன்.

அங்கே கவுண்டரில் மாணிக்கம் இருந்தார். ஐம்பது வயது, சிவந்த கண், மெதுவான பேச்சு. பிறந்து வளர்ந்தது எல்லாம் மிடில் அந்தமான் பக்கம்தான். தமிழை ஹிந்தி கலக்காமல் அவருக்குப் பேச வராது. ஒருதரம் பிரிண்டர் கோளாறைச் சரிசெய்யப் போயிருந்தபோது அவர் மேஜை டிராயரைத் திறந்து காட்டினார். உள்ளே பெயர் போடாமல் அடித்த இரண்டு டிக்கெட், ரப்பர் பேண்டு போட்டு.

"இது க்யா, மாணிக்கம்?"

"பேஷன்ட்டுக்கு, மேடம். போர்ட் பிளேயர் கூட்டிட்டுப் போன்னு டாக்டர் எழுதிக் கொடுத்துடுவாரு. இங்க வந்தா படகு ஃபுல். அதனால ஒவ்வொரு ட்ரிப்பும் ரெண்டு சீட்டை நானே அமுக்கி வெச்சிடுவேன். கடைசி ஒரு மணி நேரத்துல யாரும் வரலன்னா வித்துடுவேன். கணக்கு பாக்கறவங்க வந்தா என் கதை கதம்."

பெரிய ஜெட்டிகளில் நோயாளிக்கு சீட் ஒதுக்கும் விதி நம் ப்ரோக்ராமிலேயே இருந்தது. லாங் ஐலண்டுக்குப் போட யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு வேகம் வந்துவிட்டது. பென் டிரைவைச் செருகினேன். முதல் இரண்டு சீட், நோயாளிக்கும் கூட வருபவருக்கும், படகு கிளம்ப ஒரு மணி நேரம் முன்புவரை யாருக்கும் விற்கக் கூடாது. மொத்தம் பதினோரு வரி. பத்து நிமிஷத்தில் எழுதி, ஓட்டிக் காட்டினேன். மாணிக்கத்தின் முகம் மலர்ந்தது. "வாஹ் மேடம். இனி நான் திருட வேணாம்" என்றார். டிராயரில் இருந்த இரண்டு டிக்கெட்டையும் எடுத்து, விற்கிற டிக்கெட்டுகளோடு சேர்த்துவிட்டார்.

அப்போது படகு ஹாரன் அடித்தது. நோட்டு என் பையில் இருந்தது. படகில் உட்கார்ந்து எழுதலாம் என்று ஓடினேன். படகில் தெரிந்தவர் ஒருவர் கிடைத்தார், பேசிக்கொண்டே வந்தேன். மறுநாள் வேறு வேலை. அதற்கு அடுத்த நாள் இன்னொரு வேலை. நான் அதை எழுதவே இல்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பாதி பொய். நடுவே இரண்டு மூன்று தடவை ஞாபகம் வந்தது. அங்கேதான் ஓடிக்கொண்டிருக்கிறதே, என்ன அவசரம் என்று விட்டுவிட்டேன்.

ஆறு மாதம் அது ஓடியது.

ஒரு நாள் காலை ஒன்பதரைக்கு மாணிக்கத்திடமிருந்து போன். லாங் ஐலண்டிலிருந்து பத்தரைக்குப் படகு. வெளியே மழை, லிங்க் முந்தின இரவே போய்விட்டது. அவர் குரல் விட்டு விட்டுக் கேட்டது.

"மேடம், அந்த ரெண்டு சீட்டும் இல்ல."

"இல்லன்னா?"

"நேத்தே வித்துருக்கு. ப்ரோக்ராம் குடுத்துச்சு, நானும் அடிச்சுக் குடுத்துட்டேன். அது பிடிச்சு வெச்சிருக்கும்னு நெனச்சேன். இப்ப ஒரு பொண்ணு வந்திருக்கு மேடம். ஏழு மாசம். பிரஷர் எக்கச்சக்கமா ஏறிடுச்சாம், முகமெல்லாம் வீங்கிருக்கு. இன்னைக்கே போர்ட் பிளேயர் போகணும்னு டாக்டர் எழுதியிருக்காரு. சின்னப் படகுல ரங்கத் போய், அங்கேருந்து ரோட்டுல போனா குலுங்கும், கூடாதுன்னுட்டாரு. இந்த மழையில ஹெலிகாப்டர் வராது. படகு ஒண்ணுதான்."

படகில் லைசென்ஸுக்கு மேல் ஒரு ஆளைக்கூட ஏற்ற முடியாது. கேப்டன் கையில் பெயர்ப் பட்டியல் இருக்கும், எண்ணித்தான் கயிறு அவிழ்ப்பார்கள். இரண்டு சீட் வேண்டும், ஒரு மணி நேரம் இருக்கிறது. அவ்வளவுதான் நிலைமை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. மூன்று நாள் முன்பு தயாளன் புதுப் பதிப்பை எல்லா ஜெட்டிக்கும் அனுப்பியிருந்தான். அது லாங் ஐலண்டில் இறங்கி, அங்கிருந்த பழைய நகலை முழுக்க அழித்துவிட்டது. என் பதினோரு வரியும் அதோடு போயிற்று. மெயின் ப்ரோக்ராமில் அது இல்லை. இருந்திருந்தால் அவன் பதிப்பிலும் இருந்திருக்கும். அது ஏன் இல்லை என்பது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்களே ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். நான் யோசிக்கவில்லை. "மாணிக்கம், பயப்படாதீங்க, நான் அந்த பதினோரு வரிய போன்லயே சொல்றேன், நீங்க அடிங்க" என்றேன்.

அவர் கம்ப்யூட்டரில் நான் விட்டுவந்த சின்ன எடிட்டர் இருந்தது. ஃபைலைத் திறக்க வைத்தேன். எந்த வரிக்குக் கீழே என்று கண்டுபிடிக்க வைத்தேன். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். மாணிக்கம் ஒரு விரலால் தட்டுகிறவர். போன் நடுநடுவே அடைத்துக்கொள்ளும். "பி ஃபார் பாம்பே வா, டி ஃபார் டெல்லி வா, மேடம்?" என்று கேட்பார். பின்னால் யாரோ ஒரு ஆண் குரல் ஹிந்தியில், இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டது. நான் நின்றுகொண்டே கத்திக்கொண்டிருந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன், பத்து ஆக ஐந்து நிமிஷம்.

"அடிச்சாச்சு மேடம். சேவ் பண்ணிட்டேன்."

"ப்ரோக்ராமை மூடித் திறங்க."

"திறக்கல மேடம். ஒண்ணுமே வரல. முன்னாடி டிக்கெட்டாவது அடிச்சுட்டு இருந்துச்சு. இப்ப கவுண்டரே பந்த்."

எங்கோ ஒரு பிராக்கெட் விட்டுப்போயிருக்க வேண்டும், அல்லது ஒரு கமா. சின்ன எடிட்டர் அதையெல்லாம் சொல்லாது. எழுதியதை எழுதியபடி வைத்துக்கொள்ளும். தயாளன் தன் நாற்காலியை என் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தான்.

"அக்கா, அவர் அடிச்சத ஒருவாட்டி படிச்சுக் காட்டச் சொல்லுங்க. நான் இதுல போடறேன். எங்க தப்புன்னு சிவப்புல காட்டிடும்."

"உன் கல்யாண மண்டபம் திறக்கறதுக்குள்ள படகு ஹேவ்லாக் தீவையே தாண்டிடும்."

"ஏற்கனவே திறந்துதான்க்கா இருக்கு."

நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். இப்போது எழுதும்போதும் அந்தக் கையை வெட்டிப்போடலாம் போல இருக்கிறது. அத்தனை வருஷம் அவனைக் கிண்டல் செய்துவிட்டு, அந்த நேரத்தில் அவன் திரையில் தலையை நீட்ட எனக்கு மனசு வரவில்லை. மறுபடி முதல் வரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். நாலாவது வரிக்கு வந்தபோது தயாளன் மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா. சீட் ரெண்டும் நேத்தே வித்தாச்சுல்ல. இப்ப இந்த லைன் சரியானா மட்டும் இன்னைக்குப் படகுல சீட் எங்கேருந்து வரும்?"

நான் அவனைப் பார்த்தேன். காதில் விழுந்தது. புரியவும் செய்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. "குறுக்கப் பேசாத தயாளா" என்று சொல்லிவிட்டு ஐந்தாவது வரியைச் சொன்னேன். மறுமுனையில் பதில் இல்லை. போன் ஓடிக்கொண்டிருந்தது, மழைச் சத்தம் கேட்டது, ஆள் மட்டும் இல்லை. "மாணிக்கம், மாணிக்கம்" என்று கூப்பிட்டேன். பிறகு லைனும் போயிற்று. திரும்பத் திரும்ப அடித்தேன். மழையில் அங்கிருந்த டவரும் படுத்துவிட்டது.

என் பதினோரு வரி அடுத்த படகுக்குத்தான் உதவும். அந்தப் பெண்ணுக்கு வேண்டியது அடுத்த படகு இல்லை. முதல் போனிலேயே நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை ஒன்றுதான்: கம்ப்யூட்டரை விடுங்க மாணிக்கம், படகுக்குப் போங்க. அதைச் சொல்ல அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. அரை மணி நேரத்துக்கு மேல் அவரை ஒரு விரலால் தட்ட வைத்தேன், போதாததற்குக் கவுண்டரையும் மூட வைத்தேன். நாம் ப்ரோக்ராம் எழுதுகிறவர்கள், எதைக் கண்டாலும் ப்ரோக்ராமைத்தான் சரிசெய்யப் போவோம். எந்த எடிட்டரும் இந்த வியாதியைத் தீர்க்காது.

பதினொரு மணிக்குப் பிரிவு அதிகாரி வந்தார். கடைசியாகப் போன பதிப்பு யாருடையது என்று கேட்டார். லாங் ஐலண்டில் நோயாளி சீட் பிடிக்கும் ஏற்பாடு காணாமல் போனதாக, டவர் படுப்பதற்கு முன் அங்குள்ள டாக்டர் போன் செய்திருந்தாராம். ஐடிஇ பதிவில் எல்லாம் தெளிவாக இருந்தது. புதுப் பதிப்பு, தயாளன் பெயர், நாள், நேரம். என் மாற்றத்துக்குப் பெயரும் இல்லை, நாளும் இல்லை. நான் எழுதாததால், பதிவின் கணக்கில் அது நடக்கவே இல்லை.

தயாளன் என்னைப் பார்த்தான். காலையில் நான் போனில் கத்தியதை எல்லாம் கேட்டவன் அவன். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"என் ரிலீஸ்தான் சார்" என்றான்.

"எழுதிக் கொடுங்க. உங்க கான்ட்ராக்ட் ரினியூவல் ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அதிகாரி போய்விட்டார்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். பயம். ஓய்வுக்கு இரண்டு வருஷம்தான் இருந்தது. அத்தனை வருஷமும் புதிதாக வருகிறவர்களிடம் ஜெட்டி நோட்டு, ஜெட்டி நோட்டு என்று உயிரை வாங்கியவள் நான். நானே எழுதவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது. அந்தப் பெண் படகில் ஏறிவிட்டாள் என்று தெரிந்தால் சொல்லிவிடலாம், ஏறவில்லை என்றால் எப்படிச் சொல்வது என்று மனசு கணக்குப் போட்டது. அசிங்கமான கணக்கு.

படகு ஃபீனிக்ஸ் பேக்கு வர நாலு மணி ஆகும். அதுவரை நான் செய்ததெல்லாம் மாடிப்படி ஏறி இறங்கியதுதான். ஜெட்டிக்குப் போவேன், டீ வாங்குவேன், குடிக்காமல் வைத்துவிட்டு மேலே வருவேன், போன் அடிப்பேன், போகாது. தயாளன் தன் மேஜையில் உட்கார்ந்து விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். ஒரு தடவைகூட நிமிரவில்லை. ஏதாவது திட்டியிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மழை விட்டு, நாலரைக்குப் படகு வந்தது. கேட் ஓரமாகப் போய் நின்றேன். முதலில் மெயின்லேண்ட் டூரிஸ்ட்டுகள் ட்ராலியோடு இறங்கினார்கள். பிறகு பள்ளிக்கூடத்து டீச்சர்கள். பிறகு ஒரு பாக்கு மூட்டையைப் படகுக்காரர் தோளில் தூக்கி வந்து கரையில் போட்டார். அதை எடுக்க யாரும் வரவில்லை. ஒவ்வொரு ஆளாக எண்ணிக்கொண்டிருந்தேன். கூட்டம் குறைந்தது.

கடைசியாக அவள் வந்தாள். பச்சை ஸ்வெட்டர், வீங்கிய முகம், ஒரு கை இடுப்பில். புருஷன் தோளைத் தாங்கிப் பிடித்திருந்தான். பெங்காலிக் குடும்பம். ஆம்புலன்ஸ்காரர் ஸ்ட்ரெச்சரோடு ஓடினார். நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

கேட்டில் டிக்கெட் காட்ட வேண்டும். புருஷன் நீட்டியது நம் ப்ரோக்ராம் அடித்த டிக்கெட் இல்லை. வெள்ளைத் தாள், நீல மை, மாணிக்கத்தின் கோணல் எழுத்து. அவர்கள் இரண்டு பேர் பெயர், சீட் ஒன்று, சீட் இரண்டு. கீழே ஹிந்தியில் ஒரு வரி: கம்ப்யூட்டர் பந்த், ஆள் அவசரம். அதற்கு அடியில் மாணிக்கத்தின் கையெழுத்தும் கேப்டன் கையெழுத்தும்.

என் கழுத்தில் ஆபீஸ் கார்டு தொங்கியது. அதைப் பார்த்துவிட்டு அவன் என் பக்கம் வந்தான்.

"ஆப் ஹி ஃபோன் பே தீ னா, மேடம்?" என்றான். நீங்கள்தானே போனில் இருந்தீர்கள் என்று கேட்கிறான். மாணிக்கத்தோடு அவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தது நான்தான் என்றும், அதனால்தான் சீட் கிடைத்தது என்றும் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். உங்களை மறக்கமாட்டோம் என்று ஹிந்தியில் சொன்னான். சொல்லிவிட்டு ஸ்ட்ரெச்சர் பின்னால் ஓடிவிட்டான். இல்லை தம்பி, கெடுத்தது நான் என்று சொல்ல எனக்கு அவகாசம் தரவில்லை.

அந்த நன்றியை வைத்துக்கொண்டு என்னால் ஒரு நிமிஷம்கூட நிற்க முடியவில்லை. நேரே மாடிக்கு ஏறினேன், அதிகாரி அறைக்குள் போனேன், கதவைக்கூடத் தட்டவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் செய்தது, எழுதாமல் விட்டது, காலையில் கவுண்டரை மூடவைத்தது, பதினொரு மணிக்கு ஜன்னலைப் பார்த்தது, எல்லாவற்றையும் நின்றபடி சொன்னேன். எனக்கு ஒரு மெமோ வந்தது. அது என் ஃபைலில் இன்னும் இருக்கும், வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள். தயாளனின் ரினியூவல் கையெழுத்தானது.

மறுநாள் மாணிக்கம் போனில் கிடைத்தார். "மாஃப் கர்னா மேடம், மன்னிச்சுக்கோங்க. நீங்க சொல்லிட்டே இருந்தீங்க. நான் ஜன்னல் வழியா பாத்தேன், படகுல ஆள் ஏறிட்டு இருந்தாங்க. போனை அப்படியே டேபிள்ல வெச்சிட்டுப் போயிட்டேன்." முந்தின நாளே பிரிண்ட் எடுத்து வைத்திருந்த பட்டியலோடு படகுக்குள் போய், அந்த இரண்டு சீட்டில் இருந்தவர்களிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். ஒருவர் கார்பென்டர், உடனே எழுந்துவிட்டார். இன்னொருவர் பாக்கு வியாபாரி. முணுமுணுத்தாராம், பிறகு, நான் இறங்கறேன், என் மூட்டை மட்டும் போகட்டும் என்றாராம். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம். அந்தப் பெண்ணுக்கு ஐந்தாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள், பிழைத்துக்கொண்டது.

தயாளன் என்னை மன்னித்தானா என்று கேட்டால், சட்டென்று இல்லை. மறுநாளிலிருந்து என்னை "மேடம்" என்று கூப்பிட ஆரம்பித்தான். மரியாதையாகப் பேசுவான், வேலையைச் சொன்னால் செய்வான். அக்கா என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து போய்விட்டது. கல்யாண மண்டபம், சிலேட்டு என்ற கிண்டலும் நின்றது. மூன்று மாதம் அந்த அறையில் விசிறிச் சத்தம் மட்டும்தான். எனக்கு அது மெமோவைவிட உறைத்தது.

மூன்று மாதம் கழித்து நாங்கள் இரண்டு பேரும் லாங் ஐலண்டுக்குப் போனோம். நோயாளி சீட் விதியைத் தயாளன் மெயின் ப்ரோக்ராமிலேயே எல்லா ஜெட்டிக்கும் சேர்த்துவிட்டிருந்தான். ஐடிஇ-யில் எழுதியதால் என் பழைய பதினோரு வரியில் இருந்த ஒரு ஓட்டையும் அகப்பட்டது. படகு தாமதமானால் என் விதி சீட்டை முன்னாலேயே விட்டுவிடும். ஆறு மாதம் அது யார் உயிரையும் வாங்காமல் இருந்தது அதிர்ஷ்டம். அங்கே போய்ச் சேர்ந்தால் லிங்க் இல்லை, அவன் லேப்டாப்பும் மழையில் நனைந்து மூச்சுவிடவில்லை. கவுண்டர் கம்ப்யூட்டரில் நேரக் கணக்கில் சின்னதாக ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. அவன் என்னிடம் எதுவும் கேட்காமல் என் பென் டிரைவை எடுத்துச் செருகி, சிலேட்டிலேயே எழுதினான். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பிராக்கெட்டையும் விரலால் எண்ணினேன்.

வேலை முடிந்தது. திரும்ப டிக்கெட் எடுக்கவில்லை. ஆபீஸ்காரர்கள் என்ற திமிர். படகு ஃபுல். சீட் ஒன்றும் இரண்டும் மட்டும் காலி.

"குடுங்க மாணிக்கம், நாங்க ரெண்டு பேர்தானே" என்றேன்.

"முடியாது மேடம். கடைசி ஒரு மணி நேரம் இன்னும் ஆரம்பிக்கல. ரூல் நீங்க போட்டது" என்றார், சிரிக்காமல்.

அந்தக் கடைசி ஒரு மணி நேரம் ஆரம்பிக்க இரண்டு நிமிஷம் இருந்தபோது, ஜுரத்தில் கொதிக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா டாக்டர் சீட்டோடு ஓடி வந்தாள். ப்ரோக்ராம் சத்தமில்லாமல் இரண்டு டிக்கெட்டை அடித்துத் தள்ளியது. அடுத்த படகு மறுநாள்தான்.

ஜெட்டிக் கட்டையில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். கயிறு அவிழ்த்தார்கள். முதல் வரிசை ஜன்னலில் அந்த அம்மாவின் தலை தெரிந்தது. எனக்கோ ஒரு நாள் முழுக்க அந்தச் சின்னத் தீவில் என்ன செய்வது என்று கால் பரபரத்தது, எழுந்துவிட்டேன். தயாளன் என் பையைத் தன் பக்கம் இழுத்தான்.

"எங்க போறீங்க? உக்காருங்கக்கா. நோட்டை எடுங்க, இப்ப எழுதிடலாம்."

உட்கார்ந்தேன். அவன் சொல்லச் சொல்ல, அன்றைய திருத்தத்தை நான் எழுதினேன். அதற்கு மேல், ஒன்பது மாதம் தாமதமாக, என் பதினோரு வரியையும் எழுதிப் பெயர் போட்டேன். நோட்டு உங்கள் அறை அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. எதில் எழுதுவது என்று மறுபடி சண்டை வந்தால் முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்து படியுங்கள். கேட்டில் கேட்டு வாங்கி வைத்திருந்த மாணிக்கத்தின் வெள்ளைத் தாளையும் அதிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.